தாவரச் சாறு எம்.ஆர்.எஸ்.ஏ கிருமியை அடக்குகிறதா? ஆய்வகத்தில் சோதிக்கும் முறை

ஆன்டிபயாடிக்குக்கு மசியாத தோல் தொற்று என்றாலே முதலில் நினைவுக்கு வருவது எம்.ஆர்.எஸ்.ஏ, அதாவது மெத்திசிலினுக்குப் பணியாத ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ். மெத்திசிலின் புழக்கத்துக்கு வந்த சூட்டோடு, 1961-லேயே பிரிட்டனில் இது பதிவானது. கிருமியிடம் உள்ள மெக்-ஏ மரபணு, பி.பி.பி.2ஏ என்ற புரதத்தை உருவாக்குகிறது. பென்சிலின் குடும்ப மருந்துகள் அந்தப் புரதத்தில் சரியாகப் பிடிப்பதில்லை. மருந்து இருக்கும்போதே கிருமி தன் செல்சுவரைக் கட்டிக்கொண்டே போகிறது.

இந்தக் கிருமியை இன்ன இலை அடக்கியது, இன்ன பட்டை கொன்றது என்று சொல்லும் ஆய்வுகளுக்குக் குறைவில்லை. ஆனால் அவற்றில் பல அகார் (கிருமி வளர்க்கும் கூழ்) தட்டில் கிருமி வளராத ஒரு தெளிவான வளையத்தைக் காட்டிவிட்டு அங்கேயே நின்றுவிடுகின்றன. அந்த வளையத்தை வைத்துக்கொண்டு மேலே ஒரு அடியும் எடுத்துவைக்க முடியாது. வேண்டியது எம்.ஐ.சி: கிருமியின் வளர்ச்சியைக் கண்ணுக்குத் தெரியும்படி நிறுத்தும் மிகக் குறைந்த செறிவு. அதை நம்பகமாக எடுப்பது எப்படி, எங்கெல்லாம் அது ஏமாற்றும் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

இது இரண்டாம் நிலை உயிர்ப் பாதுகாப்பு வசதி உள்ள ஆய்வகத்தில், பயிற்சி பெற்றவர்கள் செய்யவேண்டிய வேலை. இங்கே தயாரிக்கும் எந்தச் சாற்றையும் யாருடைய புண்ணிலும் தடவக் கூடாது. உலர்ந்த செடியில் மண்ணிலிருந்து வந்த பாக்டீரியா வித்துகள் ஒட்டியிருக்கும். ஆல்கஹாலில் ஊறவைத்தாலும் அவை சாகா. சீழ்க்கட்டி வந்தவருக்கு முதல் சிகிச்சை, மருத்துவர் அதைக் கீறிச் சீழை வெளியேற்றுவதுதான். காய்ச்சல், வேகமாகப் பரவும் சிவப்பு, தாங்கமுடியாத வலி இருந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

செடியும் சாறும்

செடியைப் பறிக்கும்போதே பூவோ காயோ உள்ள ஒரு கிளையை அழுத்தி உலர்த்தி, உலர்தாவரக் காப்பகம் ஒன்றில் எண்ணுடன் சேர்த்துவிடுங்கள். ஒரே நாட்டுப்பெயரில் இரண்டு மூன்று செடிகள் புழங்குவது சகஜம். மரமஞ்சள் என்று கேட்டால் ஒருவர் கொடி வகையைத் தருவார், இன்னொருவர் முள்செடி வகையைத் தருவார். இரண்டிலும் பெர்பெரின் என்ற சேர்மம் உண்டு என்றாலும் மற்ற சேர்மங்கள் வேறு. மாதிரி காப்பகத்தில் இல்லையென்றால், பின்னால் யாராலும் உங்கள் சோதனையைத் திரும்பச் செய்ய முடியாது. பறித்த இடம், மாதம், எந்தப் பாகம், வளர்ச்சிப் பருவம் எல்லாவற்றையும் குறித்து வையுங்கள். ஒரே செடியின் இலைச் சாறு மழைக்கு முன் ஒரு மாதிரியும் பின் வேறு மாதிரியும் இருக்கும். வேறு நாட்டிலிருந்து செடி வருவதானால் உயிரியல் வளங்களைப் பகிர்வது பற்றிய நகோயா நெறிமுறைப்படி அனுமதி பெற்ற பிறகே தொடங்க வேண்டும்.

நிழலிலோ, 40 டிகிரி செல்சியசுக்கு மிகாத காற்றோட்ட அடுப்பிலோ உலர்த்துங்கள். இலை நொறுங்கும் பதம் வந்ததும் அரைத்து, 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்துக்கொள்ளுங்கள். மாவாக அரைத்தால் வடிகட்டும்போது தாள் அடைத்துக்கொள்ளும்.

100 கிராம் தூளுக்கு 1 லிட்டர் 80 சதவீத எத்தனால். மூடிய குடுவையில், வெளிச்சம் படாமல், அறை வெப்பத்தில் 72 மணி நேரம் வைத்து, தினமும் இரண்டு முறை குலுக்குங்கள். வடிகட்டிவிட்டு, அதே சக்கைக்குப் புதுக் கரைப்பான் ஊற்றி இன்னொரு முறை எடுங்கள். இரண்டு வடிநீரையும் சேர்த்து, சுழல் ஆவியாக்கியில் நீர்த்தொட்டியின் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டாமல் எத்தனாலை வெளியேற்றுங்கள். மீதியாகும் நீர்ப்பகுதியை உறையவைத்து, உறைநிலை உலர்த்தியில் போடுங்கள். இங்கே அவசரப்படக் கூடாது. எத்தனால் கொஞ்சம் மிச்சமிருந்தாலும் குடுவையில் நீர்ப்பகுதி சரியாக உறையாது, நுரைத்துப் பொங்கும். மேலும் எடையில் கரைப்பானும் சேர்ந்துவிடுவதால் பின்னால் கணக்கிடும் செறிவெல்லாம் பிசகும். அடுத்தடுத்து இரண்டு முறை எடை போட்டு, எடை மாறாமல் நின்றால்தான் அது உலர்ந்தது.

கிடைத்த உலர் சாறு எத்தனை கிராம் என்பதை 100 கிராம் தூளுக்கான சதவீதமாக எழுதிவையுங்கள். மைனஸ் 20 டிகிரியில், ஈரம் உறிஞ்சும் பொருளுடன் இறுக மூடி வைக்க வேண்டும். தாவரச் சாறுகள் காற்றின் ஈரத்தைக் குடித்துப் பிசின்போல் ஆகிவிடும். அந்தப் பதத்தில் எடைபோட்ட சாற்றின் செறிவை நம்ப முடியாது.

வெறும் நீரில் காய்ச்சிய கஷாயத்தை மட்டும் சோதித்துவிட்டு, இந்தச் செடியில் ஒன்றுமில்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். ஸ்டாஃபிலோகாக்கசைத் தாக்கும் டெர்பீன்களும் பல ஃபிளாவனாய்டுகளும் நீரில் சரியாகக் கரைவதில்லை. மாறாக, நீரில் நன்றாகக் கரைந்து வருபவை டானின்கள். அவை செய்யும் குழப்பத்தைப் பின்னால் பார்ப்போம்.

கிருமி

நோயாளியிடமிருந்து எடுத்த ஒற்றைக் கிருமியை வைத்து முடிவு சொல்ல முடியாது. ஏ.டி.சி.சி என்ற கிருமிச் சேமிப்பகத்தின் தரநிலைக் கிருமிகள் குறைந்தபட்சம் இரண்டு வேண்டும்: மெக்-ஏ உள்ள ஏ.டி.சி.சி 43300, மருந்துக்குப் பணியும் ஏ.டி.சி.சி 29213. பின்னது எம்.ஐ.சி சோதனையின் தரத்தைச் சரிபார்ப்பதற்கானது. அதன்மேல் வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கின் எம்.ஐ.சி மி.லிக்கு 0.5 முதல் 2 மைக்ரோகிராமுக்குள் வரவேண்டும். வரவில்லையென்றால் அன்று எடுத்த எல்லா எண்களையும் தள்ளிவிட வேண்டும், சாறு எவ்வளவு அழகாக வேலை செய்திருந்தாலும்.

கிருமி இன்னும் எம்.ஆர்.எஸ்.ஏ-தானா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பலமுறை மாற்றி வளர்த்த கிருமியில் மெக்-ஏ தொலைந்துபோவதுண்டு. முல்லர்-ஹின்டன் அகாரில் 30 மைக்ரோகிராம் செஃபாக்ஸிடின் என்ற ஆன்டிபயாடிக் ஏற்றிய வில்லை வைத்து, 33 முதல் 35 டிகிரியில் 16 முதல் 18 மணி நேரம் வளருங்கள். வளையம் 21 மி.மீ அல்லது அதற்குக் குறைவு என்றால் எம்.ஆர்.எஸ்.ஏ, 22-ம் அதற்கு மேலும் என்றால் இல்லை.

தட்டில் ஏற்றுவது

96 குழித் தட்டு, கால்சியமும் மக்னீசியமும் அளவாகச் சேர்த்த முல்லர்-ஹின்டன் பிராத் (கிருமி வளர்க்கும் திரவம்), சாற்றைக் கரைக்க டி.எம்.எஸ்.ஓ ஆகியவை தேவை. டி.எம்.எஸ்.ஓ-வின் இறுதி அளவு 1 சதவீதத்தைத் தாண்டாதபடி கணக்கை அமைத்துக்கொள்வது நல்லது. அதிகமானால் அதுவே கிருமியைச் சோர வைக்கும்.

51.2 மி.கி உலர் சாற்றை 1 மி.லி டி.எம்.எஸ்.ஓ-வில் கரையுங்கள். கரையாவிட்டால் ஒலியலைத் தொட்டியில் பத்து நிமிடம் வையுங்கள். வடிகட்ட வேண்டியிருந்தால் பி.டி.எஃப்.இ வடிகட்டி மட்டுமே; செல்லுலோஸ் நைட்ரேட் வகை டி.எம்.எஸ்.ஓ-வில் கரைந்து சாற்றோடு கலந்துவிடும். இந்த மூலக் கரைசலில் 20 மைக்ரோலிட்டரை எடுத்து 980 மைக்ரோலிட்டர் பிராத்தில் விட்டால், மி.லிக்கு 1024 மைக்ரோகிராம் சாறும் 2 சதவீத டி.எம்.எஸ்.ஓ-வும் உள்ள கலவை கிடைக்கும்.

ஒரு சாற்றுக்கு நான்கு வரிசை. ஏ, பி, சி வரிசைகளில் கிருமியுடன் மூன்று பிரதிகள். டி வரிசையில் அதே சாறு, கிருமி இல்லாமல். இரண்டாவது சாற்றுக்கு இதேபோல் ஈ முதல் எச் வரை. டி, எச் வரிசைகள் வீண் செலவு என்று தோன்றும். அவை இல்லாமல் எடுத்த தாவரச் சாற்று முடிவு எதையும் நம்பாதீர்கள். சாற்றின் சொந்த நிறம், கலங்கல், அதிலேயே இருந்த வித்துகள் முளைத்தது என எல்லாவற்றையும் காட்டிக்கொடுப்பது அந்த வரிசைதான்.

முதல் பத்தியின் குழிகளில் 200 மைக்ரோலிட்டர் கலவை. இரண்டு முதல் பத்து வரையிலான பத்திகளில் 100 மைக்ரோலிட்டர் வெறும் பிராத். முதல் பத்தியிலிருந்து 100 எடுத்து இரண்டாவதில் விட்டு, பிப்பெட்டால் ஐந்தாறு முறை மேலும் கீழும் இழுத்துக் கலந்து, அதிலிருந்து 100 எடுத்து மூன்றாவதற்கு. இப்படியே பத்தாவது வரை போய், கடைசி 100-ஐக் கொட்டிவிடுங்கள். பதினொன்றாவது பத்தியில் 2 சதவீத டி.எம்.எஸ்.ஓ கலந்த பிராத் 100 மட்டும்: இது வளர்ச்சிக் கட்டுப்பாடு. பன்னிரண்டாவதில் வெறும் பிராத் 200, கிருமி வேண்டாம். வான்கோமைசினுக்குத் தனித் தட்டு வையுங்கள். அதில் தொடக்க இறுதிச் செறிவு 16 மைக்ரோகிராம் போதும்.

கிருமிக் கலவைக்கு, 18 முதல் 24 மணி நேரம் அகாரில் வளர்ந்த நாலைந்து காலனிகளை உப்புக்கரைசலில் கலந்து மெக்ஃபார்லண்ட் என்ற கலங்கல் அளவுகோலில் 0.5-க்குக் கொண்டுவாருங்கள். 625 நானோமீட்டரில் அளந்தால் 0.08 முதல் 0.13. மி.லிக்கு ஏறத்தாழ 10 கோடி கிருமிகள். இதில் 100 மைக்ரோலிட்டரை 9.9 மி.லி பிராத்தில் கலந்தால் மி.லிக்கு 10 லட்சம். இதை ஒன்று முதல் பதினொன்று வரையிலான பத்திகளில் குழிக்கு 100 மைக்ரோலிட்டர் சேர்த்தால் இறுதியில் 5 லட்சம். டி, எச் வரிசைகளுக்குக் கிருமிக்குப் பதில் வெறும் பிராத். கலங்கலைச் சரிசெய்ததிலிருந்து அரை மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். கிருமி காத்திருக்காது, பெருகிக்கொண்டே போகும். இப்போது முதல் பத்தியில் 512 மைக்ரோகிராம், பத்தாவதில் 1.

ஏற்றி முடித்த உடனே வளர்ச்சிக் கட்டுப்பாட்டுக் குழி ஒன்றிலிருந்து 10 மைக்ரோலிட்டரை எடுத்து 10 மி.லி உப்புக்கரைசலில் கலந்து, அதில் 100 மைக்ரோலிட்டரை அகாரில் பரப்புங்கள். மறுநாள் சுமார் 50 காலனி வந்தால் கிருமி அளவு சரி. ஐந்து காலனிதான் வந்தது என்றால் சாறு உண்மையில் இருப்பதைவிடச் சக்தி வாய்ந்ததாகத் தெரிந்திருக்கும். ஐந்நூறு வந்தால் நல்ல சாறும் தோற்றுப்போனதாகத் தெரியும்.

தட்டுகளை நான்குக்கு மேல் அடுக்காதீர்கள், நடுவில் உள்ளவை சூடேறத் தாமதமாகும். 35 டிகிரியில் சாற்றுத் தட்டை 16 முதல் 20 மணி நேரமும், வான்கோமைசின் தட்டை முழு 24 மணி நேரமும் வையுங்கள். ஓரக் குழிகள் காய்ந்துவிடாமல் இருக்க ஈரத்துணியுடன் மூடிய பெட்டியில் வைப்பது உதவும்.

வாசனை எண்ணெய்களுக்கு இந்த ஏற்பாடு அப்படியே பொருந்தாது. தேயிலைமர எண்ணெயில் உள்ள டெர்பினென்-4-ஆல் போன்றவை ஆவியாகிப் பக்கத்துக் குழிக்குள் புகுந்து, அங்கேயும் கிருமியை அடக்கும். மூன்று பிரதிகளும் அச்சுப்போல் ஒத்துவந்து, பக்கத்திலுள்ள வளர்ச்சிக் கட்டுப்பாடு மட்டும் மங்கலாக வளர்ந்திருந்தால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். தட்டின்மேல் ஒட்டும் படலம் போட்டு மூடுங்கள், ஒரு தட்டில் ஒரே எண்ணெய், வளர்ச்சிக் கட்டுப்பாடு தனித் தட்டில். எண்ணெய் மிதக்காமல் இருக்கச் சிறிதளவு ட்வீன் 80 சேர்த்தால், அதே அளவு ட்வீன் கட்டுப்பாட்டுக் குழியிலும் இருக்க வேண்டும். பழைய எண்ணெயைப் பயன்படுத்த வேண்டாம். காற்றுப்பட்டு ஆக்சிஜனேற்றமான தேயிலைமர எண்ணெய்தான் தோல் ஒவ்வாமையை அதிகம் கிளப்புவது.

வாசிப்பது

முதலில் கண்ணால், தட்டின் அடியிலிருந்து கண்ணாடியில் பாருங்கள். ஸ்டாஃபிலோகாக்கஸ் அடியில் வெண்ணிறப் பொட்டாகப் படியும். கடும்பச்சை, கடும்பழுப்புச் சாறுகளில் இது தெரியாது. அப்போது ரெசாசுரின் என்ற நீலச் சாயத்தின் 0.015 சதவீதக் கரைசலைக் குழிக்கு 30 மைக்ரோலிட்டர் சேர்த்து, 35 டிகிரியில் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை பாருங்கள். உயிருள்ள கிருமி நீலத்தை இளஞ்சிவப்பாக மாற்றும். நீலமாகவே நிற்கும் கடைசிக் குழியின் செறிவுதான் எம்.ஐ.சி.

ரெசாசுரினும் இரண்டு விதத்தில் ஏமாற்றும். பாலிஃபீனால் நிறைந்த சாறு, கிருமி இல்லாமலேயே நீலத்தை இளஞ்சிவப்பாக்கிவிடும். டி வரிசை சிவந்திருந்தால் அந்தச் சாற்றுக்கு ரெசாசுரின் உதவாது. குழியிலிருந்து எடுத்து அகாரில் பரப்பித்தான் முடிவு பார்க்க வேண்டும். இரண்டாவது, அதிக நேரம் விட்டால் இளஞ்சிவப்பும் வெளிறி நிறமற்றுப்போகும். நிறமற்ற குழியை அவசரத்தில் பார்த்து வளர்ச்சி இல்லை என்று எழுதிவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை.

எம்.ஐ.சி-யிலும் அதற்கு மேலும் உள்ள ஒவ்வொரு குழியிலிருந்தும் சாறில்லாத அகாரில் பரப்பி எண்ணுங்கள். ஆயிரத்தில் ஒன்றுக்கு மேல் மிஞ்சாத மிகக் குறைந்த செறிவு, அதாவது 99.9 சதவீதம் செத்த இடம், எம்.பி.சி. இது எம்.ஐ.சி-யின் நான்கு மடங்குக்குள் வந்தால் கொல்லும் தன்மை உண்டு என்று சொல்லலாம்.

மூன்று பிரதிகள் ஒரே நாளில் ஒத்துப்போவது போதாது. மூன்று வெவ்வேறு நாட்களில், புதிதாக வளர்த்த கிருமியுடன் செய்ய வேண்டும். இரட்டிப்பு வரிசையில் ஒரு குழி முன்பின்னாக மாறுவது இயல்பு. அதைத் தாண்டி மாறினால் சாறு சரியாகக் கரையவில்லை என்று அர்த்தம்.

எந்த எண் நல்ல எண்?

முழுச் சாற்றில் மி.லிக்கு 100 மைக்ரோகிராமுக்குக் கீழே எம்.ஐ.சி வந்தால் தொடர்ந்து வேலை செய்யத் தகுதியானது. 100 முதல் 625 வரை நடுத்தரம். அதற்கு மேல் பலவீனம். பிரித்தெடுத்த தனிச் சேர்மத்துக்கு அளவுகோல் இன்னும் கடுமை: 10-க்குக் கீழே வந்தால்தான் கவனிப்பார்கள். மி.லிக்கு 20 மில்லிகிராமில் கிருமி நின்றது என்று எழுதுவதில் பொருளில்லை. அந்த அடர்த்தியில் உப்பும் அமிலமுமே பாதி வேலையைச் செய்துவிடும்.

வில்லை வைத்து வளையம் அளப்பதை எம்.ஐ.சி-க்கு மாற்றாகக் கொள்ள முடியாததற்குக் காரணம் பரவல். நீரில் கரையாத நல்ல சேர்மம் அகாருக்குள் நகராமல் வில்லையிலேயே கிடக்கும், வளையம் வராது. நீரில் கரையும் பலவீனமான அமிலம் அகலமாகப் பரவிப் பெரிய வளையம் காட்டும்.

நல்ல எண் கிடைத்ததும் மகிழ்வதற்கு முன் டானினைச் சந்தேகியுங்கள். கடுக்காய், மாதுளைத் தோல், பல மரப்பட்டைகள் எல்லாம் டானின் மிகுந்தவை. டானின் புரதங்களைப் பிடித்துக் கட்டியாக்கும், பிராத்தில் உள்ள இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கிருமி பட்டினியில் நிற்கிறதா, தாக்கப்பட்டு நிற்கிறதா என்று எம்.ஐ.சி தட்டு சொல்லாது. 10 சதவீத உப்பு கலந்த 1 சதவீத ஜெலட்டின் கரைசலில் சாற்றின் சில துளிகளை விடுங்கள். வெண்மையாகத் திரிந்தால் டானின் உண்டு. கரையாத பாலிவினைல்பிராலிடோன் தூளிலோ பாலிஅமைடு குழாயிலோ சாற்றைச் செலுத்தி டானினை நீக்கி, எம்.ஐ.சி-யைத் திரும்ப எடுங்கள். செயல் அதோடு காணாமற்போனால் நீங்கள் அளந்தது டானினை.

இன்னொரு சோதனை, செலவில்லாதது, ஆனால் அரிதாகவே செய்யப்படுவது: பிராத்தில் 10 சதவீதம் வெப்பமூட்டிச் செயலிழக்கச் செய்த சீரம் சேர்த்து எம்.ஐ.சி எடுப்பது. புண்ணில் ஊறும் நீரில் புரதம் நிறைய. சுத்தமான பிராத்தில் 32 காட்டிய சாறு சீரத்தில் 512-க்குப் போனால், புண்ணிலும் அதன் கதி அதுதான்.

தோலுக்கு ஏற்றதா?

கிருமியைக் கொல்லும் அளவில் தோல் செல்லும் செத்துப்போனால் அது மருந்தாகாது. ஹாக்காட் என்ற மனிதத் தோல் செல் வகையில், செல்களில் பாதியைப் பாதிக்கும் செறிவை எடுத்து எம்.ஐ.சி-யால் வகுங்கள். 10-க்கு மேல் வருவது நல்லது. இங்கே உயிருள்ள செல்லை ஊதாவாகக் காட்டும் எம்.டி.டி சாயத்தைக் கண்ணைமூடிக்கொண்டு நம்ப வேண்டாம். பாலிஃபீனால்கள் ரெசாசுரினைச் சிவக்கவைப்பதுபோலவே எம்.டி.டி-யையும் ஊதாவாக்கி, செத்த செல்லை உயிருள்ளதாகக் காட்டும். சிதைந்த செல்லிலிருந்து கசியும் எல்.டி.எச் நொதியின் அளவையும் சேர்த்து எடுங்கள்.

கார்போகரிசி போன்ற சொராலென் உள்ள செடிகளுக்கு ஒளி நச்சுச் சோதனை கட்டாயம். இருட்டில் சாதுவாக இருக்கும் சொராலென், புற ஊதா-ஏ கதிர் பட்டதும் தோலைக் கொப்புளிக்க வைக்கும். பொருளாதார ஒத்துழைப்பு அமைப்பான ஓ.இ.சி.டி-யின் 432-ஆம் நெறிமுறைப்படி ஒரே மாதிரியான இரண்டு செல் தட்டுகளில் ஒன்றுக்கு மட்டும் சதுர சென்டிமீட்டருக்கு 5 ஜூல் கதிர் கொடுத்து ஒப்பிடுவார்கள்.

எம்.ஐ.சி வராத சாற்றைத் தூக்கிப்போடலாமா?

உடனே வேண்டாம். இரண்டு வழிகள் இருக்கின்றன.

ஒன்று, ஆன்டிபயாடிக்குக்குத் துணையாக நிற்கிறதா என்று பார்ப்பது. பெர்பெரினை ஸ்டாஃபிலோகாக்கஸ் தன் நார்-ஏ என்ற வெளியேற்றுக் குழாய் வழியாகத் துப்பிவிடும். பெர்பெரிஸ் செடிகளிலேயே 5'-மெத்தாக்ஸிஹிட்னோகார்பின் என்ற சேர்மமும் உண்டு. தனியாக அது கிருமியை ஒன்றும் செய்யாது. ஆனால் அந்தக் குழாயை அடைத்துவிடும், பெர்பெரின் உள்ளே தங்கி வேலை செய்யும். 2000-இல் வெளிவந்த இந்தக் கண்டுபிடிப்பு, சாற்றைப் பகுதி பகுதியாகப் பிரிக்கும்போது செயல் ஏன் மாயமாகிறது என்பதற்கும் விளக்கம். சதுரங்கத் தட்டு முறையில் சாற்றை ஒரு திசையிலும் மெத்திசிலின் வகை மருந்தான ஆக்சாசிலினை மறு திசையிலும் இரட்டிப்பாகக் குறைத்து ஏற்றுங்கள். உதாரணமாகச் சாற்றின் எம்.ஐ.சி 256-லிருந்து சேர்க்கையில் 32 ஆகவும், ஆக்சாசிலினுடையது 64-லிருந்து 8 ஆகவும் இறங்கினால், புதிய எண்ணைப் பழைய எண்ணால் வகுத்து வரும் 0.125-ம் 0.125-ம் கூட்டி 0.25. கூட்டல் 0.5 அல்லது அதற்குக் கீழே என்றால் கூட்டு வலிமை உண்டு, 0.5-க்கு மேல் 4 வரை எதுவும் சொல்வதற்கில்லை. 4-ஐத் தாண்டினால் ஒன்றையொன்று கெடுக்கிறது. 0.6, 0.7 வந்ததை ஓரளவு கூட்டு வலிமை என்று எழுதும் பழக்கத்தைத் தவிர்க்க வேண்டும். ஒரு குழிப் பிசகிலேயே அந்த எண் வந்துவிடும்.

மற்றொன்று, கிருமியைக் கொல்லாமல் அதன் நச்சை நிறுத்துவது. ஸ்டாஃபிலோகாக்கஸ் கூட்டம் சேர்ந்ததும் ஏ.ஜி.ஆர் என்ற சமிக்ஞை அமைப்பு விழித்துக்கொண்டு தோலைச் சிதைக்கும் நச்சுகளைச் சுரக்கவைக்கிறது. எமரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கசாண்ட்ரா குவேவின் குழு, 2015-இல் ஐரோப்பிய செஸ்ட்நட் இலையிலும் 2017-இல் பிரேசிலிய மிளகுமரத்தின் பழத்திலும் இந்த அமைப்பை அடக்கும் பகுதிகள் இருப்பதைக் காட்டியது. வளர்ச்சியைத் தடுக்காத செறிவிலேயே அது நடந்தது என்பதுதான் முக்கியம். இதைச் சோதிக்கும்போது சாறு உள்ள குழியிலும் இல்லாத குழியிலும் வளர்ச்சிக் கோடு ஒன்றின்மேல் ஒன்று படிவதைக் கட்டாயம் காட்ட வேண்டும். கிருமி குறைந்ததால் நச்சு குறைந்ததை ஏ.ஜி.ஆர் தடுப்பு என்று எண்ணிவிடுவது எளிது. ஏ.ஜி.ஆரில் நான்கு வகைகள் உண்டு, நான்கிலும் சோதியுங்கள்.

களிம்பாக மாற்றும் கட்டத்துக்கு வந்தால், சாறில்லாத வெறும் களிம்புத் தளத்தையும் அதே கிருமிமேல் சோதிக்க மறக்காதீர்கள். புரோப்பிலீன் கிளைக்காலும் பதப்படுத்திகளும் தாமாகவே கிருமியை அடக்கும். கூடவே மெழுகுத் தளம் சாற்றை வெளியே விடாமல் பிடித்துவைத்துக்கொள்வதும் உண்டு, எம்.ஐ.சி-யில் நன்றாக வந்த சாறு களிம்பில் செத்துக்கிடந்தால், சேர்மத்தைக் குறைசொல்வதற்கு முன் தளத்தை மாற்றிப் பாருங்கள். பயன்படுத்திய தட்டுகள், பிப்பெட் முனைகள், அகார் எல்லாம் 121 டிகிரியில் ஆட்டோகிளேவ் செய்யப்பட்ட பிறகே குப்பைக்குப் போக வேண்டும்.